பதினெட்டுத் தட்டுப் புழுவும் ஒரு பாராட்டு விழாவும்

(புளியங்கரட்டில் பட்டுப்புழு வளர்ப்போர் குழு நடத்திய பாராட்டு விழாவில், பல்கலைக்கழகத்தில் செல் உயிரியல் முதுகலை முடித்துத் திரும்பிய நிர்மலா ஆற்றிய ஏற்புரை)

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, போர்த்தியவருக்கே பெருமை என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி அமர்ந்திருக்கும் குழுத் தலைவர், பெருமதிப்பிற்குரிய நஞ்சப்பன் ஐயா அவர்களே! காலையில் தழை பறித்த கறை விரலில் இருக்க, கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வந்து ஜமுக்காளத்தில் இடம்பிடித்த என் தாய்மார்களே! பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் மாறி, மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்த உறவினர்களே! பந்தல் காலில் சாய்ந்துகொண்டு, 'இவள் எப்போது முடிப்பாள், சாப்பாடு எப்போது போடுவார்கள்' என்று என்னையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்க்கும் அண்ணன்மார்களே! முதல் வரிசையில், இரண்டாவது நாற்காலியில், என் கண்ணை மட்டும் பார்க்காமல் அமர்ந்திருக்கும் என் அப்பா தர்மன் அவர்களே! எல்லோரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

மைக் செட் அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இன்றைக்கு நான் சொல்வது கடைசி வரிசைக்கும் கேட்டாக வேண்டும்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடம் என்ன, ஒரு நிமிடம்கூட என்னால் இங்கே நிலையாக நிற்க முடியவில்லை. நான் யாரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? உங்களைப் பார்த்தா? இல்லை ஐயா. அதோ, பந்தலுக்கு வலப்பக்கம், எங்கள் புழுமனை வாசலுக்கு உள்ளே, வெள்ளைத் துணி போர்த்தி அடுக்கியிருக்கும் பதினெட்டுத் தட்டுகளைப் பார்த்துப் பேசுகிறேன். விழா முடிந்ததும் வீட்டுக்கு இரண்டாக, ஒன்பது வீட்டுக்குப் போக வேண்டிய இளம்புழுக்கள் அவை. செல்லம்மாள் அக்கா, தட்டைத் தலையில் தூக்கிப் போக, இப்போதே துணியைச் சும்மாடாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா, உட்காருங்கள். நான் பேசி முடிக்கும்வரை ஒரு தட்டும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஏன் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தலைவர் என்னை 'நம்ம ஊரு விஞ்ஞானி' என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனிக்கவில்லை. நான் என்ன படித்தேன், எப்படிப் படித்தேன் என்பதை முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகு தட்டுவதா, திட்டுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பல்கலைக்கழகத்தில் முதல் நாள். வகுப்பில் நாற்பது பேர். பேராசிரியர் வந்தார், ஒவ்வொருவரையும் எழுப்பி, 'செல் என்றால் என்ன' என்று கேட்டார். எல்லோரும் ஆங்கிலத்தில் அருவியாகக் கொட்டினார்கள். என் முறை வந்தது. எழுந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரைந்த வட்டமும் நடுவில் வைத்த புள்ளியும்தான். அதைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்தேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்று விடுதிக்குப் போய் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அந்தப் பெட்டியை அவிழ்த்தவள் ஒருத்தி. பெயர் சமரீன். தர்மபுரிக்காரி. அவள் வீட்டில் பட்டுக்கூட்டை வேகவைத்து நூலெடுக்கும் தொழில். அவள் என் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "ஏய், உங்க ஊருக் கூட்டக் கொதிக்க வெச்சுத்தான் எங்க வூட்ல சோறு. நீ புழு வளக்கறவ, நான் நூலெடுக்கறவ. அந்தப் புழு வயித்துக்குள்ள என்னா நடக்குதுன்னு நம்ம ரெண்டு பேரத் தவிர இங்க எவளுக்குத் தெரியணும்? குந்து. படி."

உட்கார்ந்தேன். படித்தேன். புழுவின் வயிற்றுக்குள்ளேயே போய்ப் படித்தேன்! தாய்மார்களே, நாள் தவறாமல் தழை போடுகிறீர்களே, அந்தப் புழுவுக்குள் இரண்டு பட்டுச் சுரப்பிகள் இருக்கின்றன. முட்டையை விட்டு வெளியே வந்த அன்று அதில் எத்தனை செல்களோ, கூடு கட்டும் நாளிலும் அத்தனையேதான். ஒன்று கூடாது, ஒன்று பிரியாது. எண்ணிக்கை ஏறாமல், இருக்கும் செல்லே பருத்துப் பருத்து, அதன் உட்கரு கிளைவிட்டுப் படர்ந்து, பட்டைச் சுரந்து தள்ளுகிறது. அதை முதன்முதலில் நுண்ணோக்கிக்கு அடியில், கண்ணாடிச் சில்லில் பார்த்த அன்று, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வகுப்பென்றும் பார்க்காமல், "ஆத்தாடி!" என்று கத்திவிட்டேன். பேராசிரியரே சிரித்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்த பின் வரிசை, என் மேசையைச் சுற்றி வந்து நின்றது.

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கர்வம் வந்தது.

போன தடவை உங்களுக்கு வந்த முட்டை என்ன ஆனது? வண்டியில் சூடுபட்டுப் பாதிக்குப் பாதி பொரிக்காமல் போனது. நீங்கள் வயிறெரிந்து பேசினீர்கள். விடுமுறைக்கு வந்த நான் என்ன சொன்னேன்? "வெளி முட்டை எதுக்குங்க? நம்ம வூட்டுக் கூட்டுலயே பூச்சி வரவெச்சு, நானே முட்டை போட்டுத் தரேங்க" என்றேன்.

சிரிக்கிறீர்கள். நான் போடவில்லை ஐயா, பூச்சிதான் போட்டது. ஆனால் அந்தப் பெருமையை நான்தான் எடுத்துக்கொண்டேன். முட்டை தயாரிக்க அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள், நான் பெறவில்லை. விதிப்படி அது தப்பு. தெரிந்தும் செய்தேன். ஊர் நம்பியது. அப்பா வளர்ப்பதாகவும், புழு இரண்டு தோல் உரித்ததும் எனக்கு நடக்கும் விழா நாளிலேயே வீட்டுக்கு இரண்டு தட்டு பங்கு கொடுப்பதாகவும் பேச்சாயிற்று. நல்ல காரியம் நடந்த வீடு நாலு வீட்டுக்குப் புழு பங்கிடுவது நம் ஊர் வழக்கம். செல்லம்மாள் அக்கா தாம் சொல்லி வைத்திருந்த முட்டையை வேண்டாம் என்று திருப்பினார். அவருக்கு ஒற்றை ஏக்கர் மல்பெரி. அந்தத் தழைதான் அவர் வீட்டு அடுப்பு.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். இருபது நாளுக்கு முன்னால். நம் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி எங்கள் வீட்டில் வைத்திருந்தேன். இருநூறு தாய்ப்பூச்சிகள் முட்டையிட்டுவிட்டன. முட்டையிட்ட தாயை அரைத்து, ஒரு சொட்டு எடுத்து, பெப்ரின் என்ற நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாயிடம் இருந்தால் முட்டைக்குள்ளும் அது போயிருக்கும். அந்த முட்டையை எரித்துவிட வேண்டும். இதுதான் முறை. இந்த முறையில் இன்னொன்றும் இருக்கிறது. முட்டையிட்ட அன்றே தாயை அரைக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் டப்பாவில் வைத்திருக்க வேண்டும். கிருமி கொஞ்சமாக இருந்தால் அந்த நாட்களில் அது பெருகும், கண்ணில் அகப்படும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தேர்வில் எழுதினேனா? எழுதினேன். அதற்கு மதிப்பெண் வாங்கினேனா? முழுசாக வாங்கினேன்!

ஆனால் மறுநாள் காலையில் எனக்கு வாய்மொழித் தேர்வு. நாலு மணிக்குச் சேலம் பஸ். உரலில் போட்டு அவசரம் அவசரமாக நசுக்கிக்கொண்டிருந்தேன். என் அம்மா சின்னம்மாள் வாசலில் வந்து நின்றாள். "ஏ பாப்பா, இப்பத்தான் பெத்துப் போட்டிருக்குது. மூணு நாளு விட்டு வெக்க மாட்டியா? பாவம்டி" என்றாள். நான் என்ன சொன்னேன்? "அம்மா, இது சயின்ஸ். உனக்குப் புரியாது, போ" என்றேன்.

என் அம்மாவுக்கு அறிவியல் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்குப் பாவம் பார்க்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கோ பாவமும் தெரியவில்லை, படித்த பாடமும் நினைவில்லை. பஸ் நேரம் மட்டும் நினைவிருந்தது. அவசரம்! அரைப்பதில் அவசரம், பார்ப்பதில் அவசரம், "எல்லாம் சுத்தமா இருக்குதுப்பா" என்று சொல்வதில் அவசரம்! நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். மறுநாள் தேர்வில் முதலிடமும் பிடித்துவிட்டேன். அந்த முதலிடத்துக்குத்தான் இந்தப் பொன்னாடை.

இன்று காலைக்கு வருகிறேன்.

விழாவுக்கு வந்தவள் நேராகப் புழுமனைக்குள் போனேன். துணியை விலக்கினேன். ஒரே நாளில் பொரித்த புழுக்கள் ஒரே அளவில்தானே இருக்க வேண்டும்? ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு, ஒன்று தழையைத் தொடாமல் சுருண்டு கிடக்கிறது. ஒரு புழுவை எடுத்து அரைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். கிருமிகள் கூட்டம் கூட்டமாக, அரிசி அரிசியாக, பளபளவென்று கிடந்தன. இன்னொரு தட்டு. அங்கேயும் அரிசி. ஐந்தாவது தட்டு, அங்கேயும். பதினெட்டுத் தட்டிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து வைத்தேன். போனில் படம் எடுத்துச் சமரீனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் அவளே கூப்பிட்டாள். "நிம்மி, அதேதான்டி. ஒரு தட்டும் வெளிய போவக் கூடாது" என்றாள்.

ஆமாம் ஐயா. பெப்ரின். எழுந்து நிற்காதீர்கள், உட்காருங்கள். அது ஒற்றைச் செல் உயிர். தனக்குள் சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய குழலை வீசிப் புழுவின் செல்லைக் குத்தி, அந்த வழியே தன்னை உள்ளே செலுத்திக்கொள்ளும். அதற்கு மருந்து கிடையாது. இந்தத் தட்டு உங்கள் புழுமனைக்குள் வந்தால், இந்தப் புழு சாகும். அதோடு விடுமா? தட்டில், தரையில், வலையில், சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த புழுவையும், அதற்கடுத்த புழுவையும் கொல்லும். ஒன்பது வீட்டுப் புழுமனையும் பாழ். இப்போது கிருமி இருப்பது ஒரே ஒரு வீட்டில். அது எங்கள் வீடு.

அப்பா, என்னை மன்னித்துவிடுங்கள். நாம் பேசியதையும் சொல்லப் போகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப் போனது. "என்னா பாப்பா சொல்ற? பந்தல் போட்டாச்சு, ஊரே வந்து குந்தியிருக்குது" என்றார். "நோய் இருக்குதுப்பா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவர் கதவைச் சாத்தினார். "மெல்லப் பேசு. தட்டு வூட்டுக்கு வூடு போவட்டும். பத்து நாள்ல செத்தா வெயிலுன்னு சொல்லிக்குவாங்க, தழையில மருந்து பட்டுச்சுன்னு சொல்லிக்குவாங்க. உம்பேரு எதுக்கு வருது? தர்மபுரி பட்டுக்கூட்டுச் சந்தை பூரா எம் பொண்ணு, எம் பொண்ணுன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன் கண்ணு. இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

அவரை யாரும் ஏச வேண்டாம். ஏசினால் என்னை ஏசுங்கள். ஏனென்றால் நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "சரிங்கப்பா" என்றேன். ஆம், சொன்னேன்! சொல்லிவிட்டுத்தான் தலையில் பூ வைத்துக்கொண்டு இந்த மேடை ஏறினேன். பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். தலைவர் என்னைப் புகழப் புகழ, உள்ளே புழுவாய் நெளிந்தேன். பேசாமல் நன்றி சொல்லி இறங்கிவிடலாம் என்றுதான் மைக் முன்னால் வந்தேன். வந்து நின்றால், செல்லம்மாள் அக்கா மடியில் அந்தச் சும்மாடு!

கேட்கிறேன், உங்களைக் கேட்கிறேன். கல்வி எதற்கு? சால்வை போர்த்திக்கொள்ளவா? சந்தையில் பேர் சொல்லிக்கொள்ளவா? செல்லுக்குள் செல்லாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, தன் தப்பைப் பார்க்கத் தெரியாவிட்டால் அவள் என்ன படித்தாள்? பார்க்கத் தெரிந்தும் மறைத்தால் அவள் எதற்குப் படித்தாள்?

என்ன ஐயா? தலைவர் கேட்கிறார், எல்லோருக்கும் கேட்கட்டும்: "அதெல்லாஞ் சரிம்மா, தழை கத்திரிக்கற பதத்துல நிக்குது. எங்க தழைக்கு என்னா வழி?"

நியாயமான கேள்வி. அலங்காரமாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து சமரீன் போனும் கையுமாக இருக்கிறாள். அனுமதி பெற்ற இடத்திலிருந்து, பரிசோதித்த இளம்புழு ஐந்து வீட்டுக்கு நாளைக்குக் கிடைக்கும். மீதி நான்கு வீட்டுக்கு இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஐந்து வீட்டில் முதல் பெயர் செல்லம்மாள் அக்கா. எங்கள் வீட்டுத் தழை முழுவதையும் யார் வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் புழுமனை பூட்டியே கிடக்கும். எரித்து, கழுவி, மருந்தடித்து முடிக்கும்வரை அதில் ஒரு புழு வராது. இழந்ததற்கு இது ஈடாகாது. எனக்குத் தெரியும்.

அக்கா எழுந்துவிட்டார். சொல்லுங்கள் அக்கா. சத்தமாகவே சொல்லுங்கள்.

"ஏம் பாப்பா, அன்னிக்கு நல்லா இருக்குதுன்னு நீதான சொன்ன? உன்ன நம்பித்தான முட்டையத் திருப்புனேன்? இன்னிக்கு நோய்னும் நீதான் சொல்ற. இது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்பறது?"

கேட்டீர்களா? பல்கலைக்கழகத்தில் என்னை எவரும் இப்படிக் கேட்கவில்லை. வாய்மொழித் தேர்வில்கூடக் கேட்கவில்லை. அக்கா, நம்பாதீர்கள். என்னை நம்பாதீர்கள்! என் பட்டத்தை நம்பாதீர்கள், என் பொன்னாடையை நம்பாதீர்கள், என் ஆங்கிலத்தை நம்பாதீர்கள். 'படித்தவள் சொல்லிவிட்டாள்' என்று நீங்கள் நம்பியதால்தான் இத்தனை கேடும். மேடைக்குக் கீழே, அந்த மேசையில், விழாவில் காட்சிக்கு வைக்கச் சொன்ன நுண்ணோக்கி இருக்கிறது. பதினெட்டுத் தட்டிலிருந்தும் காலையில் எடுத்த சொட்டுகள் பதினெட்டுக் கண்ணாடிச் சில்லில், என் பையில் இருக்கின்றன. அதோடு, நோயில்லாத புழுவின் சில்லும் ஒன்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கச் சமரீன் காலையிலேயே பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். வாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள். அரிசி கிடந்தால் எரிப்போம். கிடக்காவிட்டால் என்னை இந்தப் பந்தல் காலிலேயே கட்டிப் போடுங்கள்.

"படிக்காதவங்களுக்கு அதுல என்னாங்க தெரியும்" என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். இலையைத் தடவியே அதன் ஈரம் சொல்லும் கை உங்கள் கை. புழு தின்னும் சத்தத்தை வைத்தே பசி சொல்லும் காது உங்கள் காது. கண் மட்டும் என்ன குறைந்து போயிற்று? அடுத்த முட்டை வரும்போது தாய்ப்பூச்சியைப் பார்த்தவரிடம், "எத்தனை நாள் வைத்திருந்து பார்த்தாய்?" என்று நீங்கள் கேட்க வேண்டும். பார்த்தவள் நானாக இருந்தாலும் கேட்க வேண்டும். இந்த ஊரில் ஒரு பெண் செல் உயிரியல் படித்ததற்கு அதுதான் பலன். வேறு பலன் எனக்கு வேண்டாம்.

வாருங்கள்... ஏன் யாரும் எழவில்லை? கோபமா? வெட்கமா? பயமா? எனக்கும் மூன்றும் இருக்கின்றன. யாராவது ஒருவர்... ஒரே ஒருவர்...

அப்பா?

வழி விடுங்கள். அவருக்குக் கொஞ்சம் வழி விடுங்கள். அப்பா, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அந்தத் திருகை மெல்லத் திருப்புங்கள்... இன்னும் கொஞ்சம்... அவசரமில்லை, நிதானமாகவே பாருங்கள்.

தெரிகிறதா? அப்பா, தலையை ஆட்டினால் போதாது. எனக்குக் கேட்க வேண்டாம், ஊருக்குக் கேட்கட்டும். மைக்கை அவரிடம் கொடுங்கள் அண்ணே.

"தெரியுதுங்க... அரிசி அரிசியாத் தெரியுது. எம் பொண்ணு சொல்றது நெசந்தாங்க. காலையிலயே நெசந்தான். நான்தான் மறைக்கச் சொன்னேன். எரிச்சிருங்க."

நன்றி அப்பா.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், நறுக்கென்று கேள்வி கேட்ட செல்லம்மாள் அக்காவுக்கும், என்னை இன்னும் ஏசி முடிக்காத எல்லோருக்கும் என் நன்றி. ஏச வேண்டியதை வரிசையில் நின்றுகொண்டே ஏசுங்கள். ஒவ்வொருவராக வந்து பாருங்கள். பதினெட்டுத் தட்டையும் நீங்கள் பார்த்து முடிக்கும்வரை நான் இந்த மேசையை விட்டு நகர மாட்டேன். இன்றைக்கு எந்தப் பஸ்ஸும் எனக்கு இல்லை. வணக்கம்.